மழைக்காலத்தில் கோழி அடைப்பை ஈரமில்லாமல் வைத்திருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வீட்டுக் கொல்லையில் பதினாறு நாட்டுக்கோழிகளும் இரண்டு சேவல்களும் வளர்க்கிறேன். என்னிடம் குஞ்சு வாங்கிப் போனவர்கள், முட்டைக்கு வருபவர்கள், அவர்களுடைய உறவினர்கள் என்று வருடா வருடம் அதே பத்திருபது சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அடைமழையில் நாலு கோழி செத்த பிறகு கேட்பதைவிட முன்னாலேயே படித்துவிட்டால் நல்லது என்றுதான் இதை எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கூடு என்று நான் சொல்வது கோழிகள் இரவில் அடையும் இடம். அடைப்பு என்பது அதை ஒட்டி வலை கட்டிய, பகலில் நடமாடும் வெளி.

கோழி மழையில நனைஞ்சா என்னக்கா ஆகப்போவுது? ஊர்க்கோழி எல்லாம் மழையிலதானே திரியுது?

வளர்ந்த கோழி ஒரு தூறலில் நனைந்தால் ஒன்றும் ஆகாது. வாலடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொண்டே இருக்கும். மேலே விழும் தண்ணீர் பெரும்பாலும் வழிந்து போய்விடும். ஊரில் திரியும் கோழி, மழை வலுத்தால் திண்ணைக்கோ வண்டிக்கடியிலோ ஓடிவிடும். ஈரமில்லாத இடத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

அடைத்து வைத்த கோழிக்கு அந்த வழி இல்லை. நாம் கொடுத்த தரையில்தான் நாள் முழுக்க நிற்கிறது. அந்தத் தரையில் எச்சமும் தண்ணீரும் கலந்தால் பாதத்தில் புண் வரும், காற்றில் அம்மோனியா ஏறிக் கண்ணும் மூச்சும் கெடும், இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். மழைக்காலத்தில் நான் பார்த்த கோழிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காலடி ஈரம்தான் காரணம்.

எவ்வளவு ஈரம் இருந்தா பரவாயில்ல? எப்படித் தெரிஞ்சுக்கறது?

கூட்டில் பரப்பியிருக்கும் கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் லேசாக ஒட்டியிருந்து, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டை மாதிரி பிடித்த உருவத்திலேயே நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே நிற்காமல் தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அது கோழிக்குச் சளியைக் கொண்டுவரும். நல்ல பதத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்குதான் ஈரம் இருக்கும்.

இன்னொரு சோதனை மூக்கால் செய்வது. விடிகாலையில் கூட்டைத் திறந்ததும் உள்ளே குனிந்து, கோழியின் தலை உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோய் இரண்டு நிமிடம் இருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, காற்று மேலே நன்றாகத்தான் இருக்கும். கீழே கண் கரித்தால், கோழி இரவெல்லாம் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது.

மேல ஷீட் போட்டுத்தான் வெச்சிருக்கேன். தண்ணி எங்கேருந்து வருதுன்னே தெரியல.

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. பதிலும் நீளம்தான். முதல் வேலை, நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்பது. மழை விட்ட பிறகு பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி ஈரமாகத்தான் தெரியும். பெய்யும்போதுதான் தண்ணீர் வரும் வழி கண்ணுக்குப் புலப்படும்.

அநேகமாக முதல் குற்றவாளி கூரைதான், உங்கள் வீட்டுக் கூரையோ கூட்டின் கூரையோ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்தடிக்குப் பத்தடிக் கூரை என்றால் ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். கனமழை நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்தச் சின்னக் கூரை மட்டும் 900 லிட்டருக்கு மேல் கொட்டும். அவ்வளவும் விளிம்பிலிருந்து நேராக அடைப்புக்குள் விழுந்தால் எந்த உமி தாங்கும்? நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, கூரை விளிம்பில் கம்பியால் தொங்கவிட்டு, தண்ணீரைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒரு மதிய வேலைதான். நான் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இதுதான்.

அடுத்தது, கொல்லையில் ஓடிவரும் தண்ணீர். அடைப்பு தாழ்வில் இருந்தால் வீட்டு முற்றத்துத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து சேரும். அப்புறம் காற்றோடு அடிக்கும் சாரல். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும், சாரலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். கன்னியாகுமரி, பொள்ளாச்சி, தேனி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் வரும். கடைசியாக, மழையோடு சம்பந்தமே இல்லாத ஒன்று: தண்ணீர்த் தொட்டி. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வாய்க்கால் வெட்டுங்கன்னு சொல்றீங்க. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம்?

தண்ணீர் வரும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தில், அடைப்புக்கு வெளியே, வலையிலிருந்து ஓரடி தள்ளி. ஒரு சாண் ஆழம், ஒரு சாண் அகலம் போதும். பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். தோண்டிய மண்ணை அடைப்புப் பக்கமே வரப்பாகப் போட்டு மிதித்துவிடுங்கள். வாய்க்காலின் முடிவு வடிகாலிலோ, குளத்திலோ, தோட்டத்துப் பள்ளத்திலோ போய்ச் சேர வேண்டும். முடிவில்லாத வாய்க்கால் இன்னொரு குட்டையாகிவிடும். பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விடாதீர்கள், மழையை விடப் பெரிய சண்டை வரும்.

எனக்கு இது புரிந்தது ஒரு கார்த்திகை இரவில். கூட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர், அடைகோழி முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறது, எழுந்து வர மறுக்கிறது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மண்வெட்டியால் வடக்கு மூலையில் நாலு வெட்டு வெட்டினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சருகு மெதுவாகத் திரும்பி அந்த வெட்டை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னால் உமி, அதன் பின்னால் தண்ணீர். அரை மணியில் தரை தெரிந்தது. அந்த நாலு வெட்டைப் புரட்டாசியிலேயே வெட்டியிருந்தால் அந்த ஈட்டு முட்டைகள் கெட்டிருக்காது.

எங்க ஊரு சுத்தக் களிமண். வாய்க்கால் வெட்டினாலும் தண்ணி அசையாம நிக்குது.

டெல்டாக் களிமண் தண்ணீரைக் குடிக்காது. வேதாரண்யம் பக்கத்து மணல் என்றால் ஒரு மணி நேரத்தில் உள்வாங்கிவிடும், அங்கே மேலே சொன்ன வாய்க்காலே போதும். களிமண்காரர்கள் தரையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். கூட்டின் தரை சுற்றுமண்ணைவிட ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். சென்ற மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கறை இருந்தால், அதற்கு மேல் அரையடி வையுங்கள்.

அடைப்பு முழுவதையும் உயர்த்த முடியாவிட்டால் பாதியையாவது உயர்த்துங்கள். முதலில் மேலே இருக்கும் கறுப்புச் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. பிறகு அடியில் நாலு அங்குலம் செங்கல் உடைசல், அதன் மேல் கிராவல், மேலே மணல். கையில் பணம் இல்லாத வருடத்தில் நான் தேங்காய் மட்டையைத் துண்டாக்கி அடியில் அடுக்கினேன். அது இரண்டு மழைக்குத் தாங்கியது, பிறகு மக்கி உரமாகிவிட்டது. கோழி கிளறிக் கிளறி உடைசலை மேலே கொண்டுவரும், அதனால் மேல் மணல் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

சிமெண்ட் தளம் போட்டுட்டா ஒரே செலவா முடிஞ்சிடுமே?

கூட்டுக்குள் போடலாம். கழுவ வசதி, பெருச்சாளியும் கீரியும் தோண்டி வர முடியாது. ஆனால் சிமெண்ட் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. அதனால் வாசல் பக்கம் சரிவு வேண்டும், மேலே கூளமும் வேண்டும். வெறும் சிமெண்டில் எச்சம் விழுந்தால் ஒரே நாளில் வழவழவென்று ஆகிவிடும்.

வெளி அடைப்புக்குச் சிமெண்ட் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோழி மண்ணைக் கிளற வேண்டும், புழுதியில் புரள வேண்டும். அதைப் பறித்துவிட்டால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும்.

கூரைக்குக் கீற்று நல்லதா, தகரமா?

வெயிலுக்குக் கீற்று, மழைக்குத் தகரம் அல்லது சிமெண்ட் ஷீட். கீற்று இரண்டாவது வருடம் ஒழுக ஆரம்பிக்கும், பேனும் செள்ளும் அதில் குடியிருக்கும். நான் தகரம் போட்டு, அதன் மேல் சித்திரையில் மட்டும் பழைய கீற்றைப் பரப்புகிறேன்.

எதைப் போட்டாலும் விளிம்பு வெளியே நீண்டிருக்க வேண்டும். பக்கச் சுவரிலிருந்து இரண்டரை, மூன்று அடி நீட்டினால் சாரல் உள்ளே வராது. நீட்டிய கூரையைக் காற்று தூக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் கூட்டுக் கூரை எங்கே போனது என்றே தெரியவில்லை. இப்போது நாலு மூலையிலும் தரையில் அடித்த முளையோடு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஆணியை மட்டும் நம்பக் கூடாது.

நாலு பக்கமும் தார்ப்பாய் இறுக்கிக் கட்டிட்டேன். ஒரு சொட்டு உள்ள வரல. ஆனாலும் கூளம் ஈரம், கண்ணு எரியுது. ஏன்?

ஈரம் உள்ளேயிருந்தே வருகிறது. கோழி தின்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மூச்சிலும் ஈரம் வெளியேறும். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவதுதான் அது. ஈரம் கிடைத்தால் நுண்ணுயிரிகள் அந்த வெள்ளையை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நாலு பக்கமும் மூடினால் இதெல்லாம் வெளியேற வழியே இல்லை.

தார்ப்பாயைக் கீழேயிருந்து மேலாகக் கட்டுங்கள். கோழி உட்காரும் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் வரை மறைத்து, கூரையடியில் ஓரடியைத் திறந்தே விடுங்கள். வாடை அடிக்கும் வடக்கும் கிழக்கும் மறைந்திருக்கட்டும், தெற்குப் பக்கம் வலையோடு திறந்திருக்கட்டும். புயல் சமயத்தில் காற்று திசை மாறும், அந்த ஒரு இரவு மட்டும் தெற்கையும் இறக்கிக் கட்டிவிட்டு விடிந்ததும் தூக்கிவிடுங்கள். மேலே காற்று ஓடினால் கோழிக்குக் குளிராதா என்று கேட்பார்கள். காய்ந்த கோழிக்கு நம் ஊர்க் காற்று ஒன்றும் செய்யாது. ஈரமான கோழியின் மேல் காற்று பட்டால்தான் குளிரும்.

கீழ என்ன பரப்பறது? உமி, நார்க்கழிவு, வைக்கோல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எனக்குப் பிடித்தது நெல் உமி. அது அதிகம் உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் கட்டி பிடிக்காது, கிளறிவிட்டால் சீக்கிரம் காயும், எங்கள் பக்கம் அரிசி ஆலையில் சுலபமாகக் கிடைக்கும். நாலு அங்குலத்தில் ஆரம்பித்து, அடைமழையில் ஆறு அங்குலம் வரை ஏற்றுவேன். மரச்சீவல் கிடைத்தால் உமியைவிட நன்றாக உறிஞ்சும். தூள் தூளான மரத்தூள் வேண்டாம், குஞ்சுகள் தீனி என்று தின்றுவிடும், பெரிய கோழிகளுக்குத் தூசி மூச்சில் ஏறும்.

தேங்காய் நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இழுத்ததை லேசில் விடாது. அதனால் உமியோடு மூன்றில் ஒரு பங்கு கலந்து, சாரல் படாத உள் மூலையில் மட்டும் போடுங்கள். கடலைத்தோல் காய்ந்திருந்தால் நல்லது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை நஞ்சு. வைக்கோல் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பாய் மாதிரி படிந்து ஊறிக் கிடக்கும். நீளமான தாள்களைத் தின்றுவிட்டு இரைப்பை அடைத்துப்போன கோழியையும் பார்த்திருக்கிறேன். வைக்கோல்தான் இருக்கிறது என்றால் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள்.

எதைப் போட்டாலும் தினமும் கிளற வேண்டும். வாரியால் நீங்கள் கிளறலாம், இல்லாவிட்டால் காலையில் இரண்டு கை குருணையைக் கூளத்தின் மேல் தூவிவிடுங்கள், கோழிகளே மூலை முடுக்கெல்லாம் கிளறிவிடும்.

சேறு ஆன இடத்து மேல திரும்பத் திரும்ப உமி கொட்டிக்கிட்டே இருக்கேன், ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடுது.

ஆகத்தான் செய்யும். சேற்றை வழித்தெடுக்காமல் மேலே கொட்டிய உமியும் சேறாகிறது, அவ்வளவுதான். முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள், பிறகு வழித்தெடுங்கள், கடைசியாகத்தான் உமி.

சுண்ணாம்பு தூவலாமா?

தூவலாம், நீர்த்த சுண்ணாம்பாக இருந்தால். சுட்ட கிளிஞ்சலை அப்படியே போட்டால் ஈரம் பட்டதும் கொதித்துக் கோழியின் காலைப் பொசுக்கும். 100 சதுர அடிக்கு ஒரு கிலோ போதும். கோழிகளை வெளியே விட்டு, ஈரக் கட்டிகளை அள்ளி எறிந்துவிட்டு, சுண்ணாம்பைத் தூவிக் கிளறி, தூசி அடங்கிய பிறகு உள்ளே விடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சுண்ணாம்பு போட்டதும் அம்மோனியா நெடி முதலில் கூடும், கூளத்தில் அடங்கிக் கிடந்தது ஒரேயடியாக வெளியே வரும். ஆகவே எல்லாப் பக்கமும் மூடியிருக்கும் மழை இரவில் போடாதீர்கள். வெயில் தலைகாட்டும் காலையில், தார்ப்பாயைத் தூக்கிவிட்டுப் போடுங்கள். அடுப்புச் சாம்பலும் உதவும், ஆனால் நனைந்த சாம்பல் பாதத்தை அரிக்கும். அதனால் நான் சாம்பலையும் மணலையும் கலந்து, கூரைக்கடியில் ஒரு பழைய டயரில் கொட்டி வைக்கிறேன். மழைக்காலத்தில் அவை புழுதி குளிக்க அது ஒன்றுதான் இடம். அது இல்லாவிட்டால் பேன் அப்பிவிடும்.

மழை விட்டு ஒரு வாரம் ஆச்சு. தண்ணித் தொட்டிகிட்ட மட்டும் எப்பவும் சொதசொதன்னு இருக்கு.

கோழி குடிக்கும்போது தலையைத் தூக்கி உதறும், தொட்டி மேல் ஏறும், சாய்க்கும். தொட்டியின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றுங்கள், இரண்டு செங்கல் போதும். அதன் அடியில் ஒரு தட்டு வைத்து, தட்டின் மேல் கம்பி வலைச் சட்டம் வைத்தால் சிந்துவது தட்டோடு போய்விடும். வெளியே குட்டையில் தேங்கியதைக் குடிக்கவிடாதீர்கள், அதில் எச்சமும் சேர்ந்திருக்கும். சுத்தமான தண்ணீர் நிழலில் இருந்தாலும் கோழி குட்டையைத்தான் தேடிப் போகிறது என்றால், குட்டையைத் தூர்ப்பது ஒன்றே வழி.

கோழிங்க உக்காரும் கட்டைக்குக் கீழ மட்டும் குவியலா எச்சம். அதையும் கிளறணுமா?

வேண்டாம், அதைக் கூளத்தில் கலக்கவே விடாதீர்கள். ஒரு நாள் எச்சத்தில் பாதியளவு இரவில் அந்தக் கட்டைக்கு அடியில்தான் விழுகிறது. பழைய பிளக்ஸ் பேனரையோ சாக்கையோ விரித்து வைத்து, காலையில் சுருட்டி எருக்குழியில் கொட்டிவிடுங்கள். கூளத்தின் ஆயுள் இதனால் மட்டுமே கூடுவதை ஒரு மாதத்தில் பார்ப்பீர்கள்.

குஞ்சு பொரிச்சிருக்கு, வெளியே ஒரே மழை. என்ன பண்றது?

முதல் கேள்வியில் சொன்னது வளர்ந்த கோழிக்கு. குஞ்சின் மென்தூவி நனைந்தால் நீர் நேரே தோலுக்குப் போய்விடும், ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடும். முதல் வாரம் அதற்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் கதகதப்பு வேண்டும், பிறகு வாரம் ஐந்து டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் அதுவே அடுப்பு. பஞ்சாரத்தைத் திண்ணையில் வைத்து, அடியில் சாக்கும் அதன் மேல் உமியும் போட்டுத் தாயோடு கவிழ்த்துவிடுங்கள். மழை நாட்களில் குஞ்சோடு இருக்கும் கோழியை வெளியே விடாதீர்கள். அது ஈசலைத் துரத்திக்கொண்டு ஓடும், குஞ்சுகள் பின்னாலேயே ஈரப் புல்லில் ஓடி நனையும்.

தாய் இல்லாத குஞ்சுக்கு அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு. எல்லாம் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது, ஓரங்களுக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். மின்சாரம் போய்விட்டால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு வைக்க வேண்டாம், அதன் புகை குஞ்சையும் கொல்லும், அந்த அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும்.

நனைந்து விறைத்த குஞ்சைச் செத்துவிட்டது என்று உடனே போட்டுவிடாதீர்கள். துணியால் ஒற்றி எடுத்து, உள்ளங்கை இரண்டுக்கும் நடுவே வைத்து, வாயால் ஊதிச் சூடு கொடுங்கள். கால் நகம் லேசாக உங்கள் விரலைப் பற்றும், அதுவரை விடாதீர்கள். எனக்குப் பத்தில் ஆறு பிழைத்திருக்கின்றன.

ஒன்றரை மாசக் குஞ்சுங்க, எச்சத்துல ரத்தம். பினாயில் ஊத்திக் கழுவிட்டேன், மறுபடியும் வருது.

இது இரத்தக்கழிச்சல். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையிலான குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். எச்சத்தோடு வெளியே வரும் கிருமியின் முட்டைகள் உடனே நோயைத் தராது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகும், அதைக் கொத்தித் தின்ற குஞ்சுக்கு நோய் வரும். தரை காய்ந்திருந்தால் அவை பக்குவமாவதே கடினம். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதன் ஓட்டைத் துளைக்காது, கழுவுவதால் நீங்கள் ஈரத்தைத்தான் கூட்டுகிறீர்கள்.

குஞ்சுகளைக் காய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், பழைய கூளம் முழுவதையும் அள்ளுங்கள், இடத்தை வெயிலில் காயவிடுங்கள். மருந்துக்கு அன்றைக்கே கால்நடை மருந்தகம் போங்கள். குடிநீரில் கலக்கும் மருந்து தருவார்கள், காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பச்சையாக, வெள்ளையாகக் கழிந்து கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

முட்டையெல்லாம் சேறா இருக்கு. கழுவி வெக்கலாமா?

சாப்பிட என்றால் உடனே பயன்படுத்தப்போகும் முட்டையைக் கழுவலாம். அடைவைக்கும் முட்டையைக் கழுவவே கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்க் கிருமி உள்ளே போகும். அழுக்கு லேசாக இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், அதிகமாக இருந்தால் அடைவைக்க வேண்டாம். முட்டைக் கூடையைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டினால் இந்தப் பிரச்சனையே வராது. கோழி சேற்றுக்காலோடு நேரே கூடைக்குப் போகாமல், வழியில் நாலடி உமியில் நடந்து போகும்படி அமைத்துவிடுங்கள்.

மழை வந்தா கூட்டுல பாம்பு வருதுக்கா, பயமா இருக்கு.

வரும். சுற்றிலும் தண்ணீர் நின்றால் அதற்கும் காய்ந்த மேடு வேண்டும், நாம் கஷ்டப்பட்டு உயர்த்திய தரை அதற்கும் வசதிதான். ஆனால் பெரும்பாலும் அது எலியைத் தேடித்தான் வருகிறது. எலி தீனி மூட்டைக்கும் உமி மூட்டைக்கும் வருகிறது. மூட்டைகளைக் கூட்டை ஒட்டி அடுக்காதீர்கள். தீனியை மூடி போட்ட டிரம்மில், செங்கல் மேல் வையுங்கள். அப்படி வைத்தால் பூஞ்சையும் பிடிக்காது. பூஞ்சை மணம் வந்த கம்பு, சோளம், குருணையை வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது, கொட்டிவிடுங்கள்.

கூட்டின் அடிப்பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள், சாதாரணக் கோழிவலையில் பாம்பு நுழையும். விடிகாலையில் கையை விட்டு முட்டை எடுக்காதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். காலுக்கு கம் பூட்ஸ் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு, சேற்றுப்புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். கோழிக்காக நாம் படுத்துவிடக் கூடாது.

ராத்திரி திடீர்னு தண்ணி உள்ள வந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

முதலில் கோழி, பிறகு தரை. குஞ்சையும் அடைகோழியையும் எடுங்கள், பெரிய கோழிகள் கட்டை மேல் உட்கார்ந்திருந்தால் விடியும்வரை தாங்கும். இருட்டில் கோழி திமிறாது, சத்தமில்லாமல் தூக்கிச் சாக்கு விரித்த கட்டிலுக்கடியிலோ மாடிப்படிக் கீழேயோ பஞ்சாரத்தில் வையுங்கள். நனைந்ததைக் காய்ந்த கோழிகளோடு நெருக்கி அடைக்க வேண்டாம், துடைத்துவிட்டுத் தனியாக வையுங்கள்.

வருடா வருடம் இப்படித்தான் நடக்கிறது என்றால், கூட்டைப் பரணாகக் கட்டிவிடுவது ஒன்றே நிம்மதி. மூன்றடி உயரக் கால்கள், அதன் மேல் மூங்கில் பிளாச்சோ பாக்குமரச் சட்டமோ அரை அங்குல இடைவெளியில். எச்சம் கீழே விழுந்துவிடும், கூளமே வேண்டாம். ஆனால் கீழே விழுந்த எச்சத்தை வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் மழைத்தண்ணீரில் கரைந்து நெடியடிக்கும். சின்னக் குஞ்சை அதில் விட்டால் கால் இடுக்கில் மாட்டும், அவற்றுக்கு ஒரு மூலையில் சாக்கு விரிக்க வேண்டும்.

மழை முடிஞ்சு தை வந்துடுச்சு. கூளம் மொத்தத்தையும் மாத்தணுமா?

இரண்டாம் கேள்வியில் சொன்ன பிடி சோதனையை நாலு மூலையிலும் செய்யுங்கள். உதிர்ந்தால் மாற்ற வேண்டாம், ஈரக் கட்டிகளை மட்டும் அள்ளிப் புது உமி சேர்த்தால் போதும். நோய் வந்த கூடு என்றால் ஒரு துரும்பு விடாமல் மாற்றுங்கள், கோழிகளை வேறிடத்தில் வைத்து ஒரு வாரமாவது தரையில் வெயில் படவிடுங்கள்.

அள்ளிய கூளத்தை நேரே செடிக்குப் போடாதீர்கள், சூட்டில் வேர் கருகும். மேடான இடத்தில் குவித்து, மேலே ஓலை மூடி, மூன்று மாதம் விடுங்கள். சித்திரையில் திறந்து பார்த்தால் நெடி இருக்காது, கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். நான் அதைத் தென்னைக்கு மரத்துக்கு இரண்டு கூடை வைக்கிறேன். கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட அதே மரங்களுக்குத்தான்.